‘குரு’ என்னும் ஓசை: ஒரு சொல்லா, ஓசையால் ஒத்த பல சொற்களா?

இளவேனில் கேட்டது:

‘குரு’ என்பது உலகின் பல மொழிகளில் வழங்கும் சொல் என்றும், அத்தனை இடங்களில் அது காணப்படுவதால் மனித இனம் முதலில் பேசிய சொற்களுள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் கூறும் விளக்கம் ஒன்று கைமாறிக் கைமாறி எனக்கும் வந்துசேர்ந்தது. ஆசிரியரைக் குறிக்கும் குரு, பாரதக் கதையின் குரு குலம், வேர்க்குரு என்பதில் வரும் குரு, தொல்காப்பியம் நிறம் என்று பொருள் கூறும் குரு ஆகியவற்றை முதலில் அடுக்கிவிட்டு, அதன்பின் பப்புவா நியூ கினியில் ஒரு நோயின் பெயர் குரு, துருக்கியில் ‘உலர்ந்த’ என்பதற்குக் குரு, ஜப்பானிய மொழியில் ‘வருதல்’ என்பதற்குக் குரு என்று அந்த விளக்கம் உலகைச் சுற்றிவருகிறது. இறுதியில், கனமாகத் திரள்வது என்பதே வேர்ப்பொருள் என்றும், அறிவு திரண்டவர் ஆசிரியர், தோலில் திரள்வது வேர்க்குரு, நீர் போனபின் கெட்டிப்பட்டுத் திரள்வது உலர்ந்த பொருள் என்றும் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது.

படிக்கும்போது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால், இவ்வளவு எளிதாக எதையும் எதனோடும் பொருத்திவிட முடிகிறதே என்பதுதான் எனக்கு ஐயத்தைத் தந்தது. ஓசை ஒத்திருக்கும் இரண்டு சொற்கள் உறவுடையவையா, தற்செயலாக ஒத்தவையா என்பதை மொழியறிஞர்கள் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? ‘கு’ என்றால் இருள், ‘ரு’ என்றால் அதை அகற்றுவது என்னும் விளக்கத்தையும் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சொல்வயல் எழுதியது:

தொலைவில் உள்ள மொழிகளுக்குப் போகுமுன் நம் எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ககரத்தின் வல்லொலிக்கும் (‘பக்கம்’ என்பதில் வருவது) மெல்லொலிக்கும் (‘தங்கம்’ என்பதில் வருவது) தமிழில் ஒரே எழுத்துத்தான். அதனால் வடமொழியில் இரண்டு வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் தமிழில் எழுதப்பட்டவுடன் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ‘குருகுலம்’ என்று எழுதினால் ஆசிரியரின் இல்லத்தில் தங்கிப் பயிலும் இடமும் ஆகலாம், கௌரவர்களின் மரபும் ஆகலாம். வடமொழியில் இவற்றின் முதலெழுத்தே வேறு. ஆசிரியரைக் குறிக்கும் குரு மெல்லொலியில் தொடங்குகிறது. குருட்சேத்திரத்துக்குப் பெயர் தந்த குருவோ வல்லொலியில் தொடங்குகிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ‘யோகஸ்த: குரு கர்மாணி’ என்று வருகிறதே, அந்தக் குருவும் வல்லொலிதான், ஆனால் அது அரசமரபின் பெயரன்று, ‘செய்’ என்னும் ஏவல் வினை. ஆக, ‘திரளுதல்’ என்னும் ஒற்றைக் கயிறு வடமொழிக்குள்ளேயே இந்த மூன்றையும் கட்டப் போதாது.

ஆசிரியரைக் குறிக்கும் சொல்லின் வரலாறு தெளிவானது. அதன் முதற்பொருள் ‘கனமான’ என்பதே. வடமொழி யாப்பில் ஓசையால் கனத்த அசையைக் குரு என்றும், இலேசான அசையை இலகு என்றும் அழைப்பதில் அந்தப் பொருள் இன்றும் அப்படியே நிற்கிறது. மதிப்பால் கனத்தவர், அதாவது தாய் தந்தையர், மூத்தோர், ஆசான் என்று பொருள் பின்னர் விரிந்தது. இதன் உடன்பிறப்புகள் கிரேக்கத்தில் ‘பரூஸ்’ என்றும் இலத்தீனில் ‘கிராவிஸ்’ என்றும் உள்ளன. இரண்டுக்கும் பொருள் கனமானது என்பதே. பள்ளியில் படிக்கும் கிராவிட்டி இலத்தீன் சொல்லின் வழியாகவும், காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரின் முற்பாதி கிரேக்கச் சொல்லின் வழியாகவும் வந்தவை. (வியாழனைக் குரு என்று அழைப்பதும், கோள்களில் அதுவே மிகக் கனமானது என்பதும் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அப்பெயர் தேவர்களின் ஆசான் பிரகஸ்பதியைக் கருதி வந்தது; கோளின் எடையை எவரும் அக்காலத்தில் அளந்து பார்க்கவில்லை.)

இருளை அகற்றுபவர் என்னும் விளக்கம், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தத்துவப் பொருள் கற்பிக்கும் மரபைச் சேர்ந்தது. ஆசிரியரை எவ்வாறு நினைத்துப் போற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. சொல் எப்படிப் பிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. யாப்பில் வரும் குரு எந்த இருளை அகற்றுகிறது என்று கேட்டால் அந்த விளக்கத்திடம் விடை இல்லை.

மொழிநடை எழுதியது:

சொல்வயல் அவர்கள் தொட்டதைத் தொடர்ந்து, தொலைவில் இருக்கும் குருக்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பப்புவா நியூ கினியின் கிழக்கு மேட்டுநிலத்தில் வாழும் ஃபோரே மக்களின் மொழியில் அந்தச் சொல் நடுங்குவதைக் குறிக்கிறது. நோய்க்கு அப்பெயர் வந்ததற்கு அதன் அறிகுறியே காரணம்: முதலில் நடை தள்ளாடும், பிறகு உடல் நடுங்கும், பிறகு எழுந்து நிற்கவும் இயலாமல் போகும். மருத்துவர்களான வின்சென்ட் ஸிகாஸும் கார்ல்டன் கைடுஷெக்கும் 1957இல் இந்நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். இறந்த உறவினரின் உடலை ஈமச்சடங்கில் உண்ணும் வழக்கத்தின் மூலம், குறிப்பாக மூளையின் வழியாக, அது பரவியது. அந்தப் பகுதிகள் பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சென்றதால் அவர்களே மிகுதியாக இறந்தார்கள். இதன் தொடர்பான ஆய்வுக்காகக் கைடுஷெக் 1976இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய நோய்களுக்குக் காரணம் ப்ரியான் என்னும் உருத்திரிந்த புரதமே என்று காட்டிய ஸ்டான்லி புரூசினர் 1997இல் பெற்றார். தமிழில் ‘குரு நோய்’ என்று மட்டும் எழுதிவிட்டால், வெளியே தெரியாமல் போகும் செய்தி இவ்வளவும்.

துருக்கியில் குரு என்றால் உலர்ந்தது; உலர்ந்த திராட்சை அங்கே ‘குரு உஸூம்’. இது தனித்து நிற்கும் சொல்லன்று. அசர்பைஜானியிலும் அதே வடிவம் இருக்கிறது; உஸ்பெக்கில் இறுதியில் ஒரு ககர மெய்யோடு ‘குருக்’ என்று இருக்கிறது. ஒரே மொழிக்குடும்பத்துக்குள், ஒரே பொருளோடு, விளக்கக்கூடிய சிறு ஓசை வேறுபாட்டோடு வருவதால் அவை உறவுடையவை என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. பின்லாந்து மொழியில் குரு என்பது செங்குத்தான பாறைகளுக்கு நடுவே செல்லும் இடுக்குப் பள்ளத்தாக்கு; அந்நாட்டின் வடபகுதியில் ‘இசோகுரு’ என்று ஒரு புகழ்பெற்ற இடுக்கு உண்டு, பெரிய பள்ளத்தாக்கு என்பதே அதன் பொருள். ‘திரளுதல்’ என்னும் வேர்ப்பொருளைக் கற்பித்தவர் இந்தச் சொல்லைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. இது திரண்டு நிற்பதைக் குறிக்கவில்லை, பிளந்து கிடப்பதைக் குறிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியச் சான்றுதான், ஏனெனில் அது கண்முன்னாலேயே கரைந்துபோகிறது. ‘வருதல்’ என்பதற்கு அகராதியில் தலைச்சொல்லாக நிற்பது குரு. ஆனால் ‘வந்தான்’ என்று சொல்ல அது ‘கித்த’ என்றும், ‘வரமாட்டான்’ என்று சொல்லக் ‘கொநை’ என்றும் மாறும். பழைய ஜப்பானியத்தில் வாக்கியத்தை முடிக்கும் வடிவம் வெறும் ‘கு’தான். ஆகவே மாறாமல் நிற்பது முதலில் உள்ள க் ஒன்று மட்டுமே. நம் காதில் விழும் ‘ரு’ வினையின் முடிபு. வடமொழி ஏவலான குருவும் அவ்வாறே: அதன் படர்க்கை வடிவம் ‘கரோதி’, வேர் ‘க்ரு’. ஒரு மொழியின் வினைத்திரிபு ஒன்றையும் வேறொரு மொழியின் வினைத்திரிபு ஒன்றையும் பிடுங்கி அருகருகே வைத்து, இரண்டும் ஒன்று என்று சொல்வது போன்ற வேலை இது. மற்ற வடிவங்களையும் எடுத்து வைத்தால் ஒற்றுமை மறைந்துவிடும்.

கூத்தன் எழுதியது:

மேலே உள்ள இரண்டு விடைகளையும் மதிப்போடு படித்தேன். ஆயினும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. மொழிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகின்றன என்றால், இன்று பொருள் வேறாக இருப்பதாலேயே அடியில் உறவு இல்லை என்று எவ்வாறு அறுதியிட்டுச் சொல்ல முடியும்? கொரிய மொழியில் தாய் ‘ஒம்மா’, தந்தை ‘அப்பா’, நான் என்பது ‘நா’. இவற்றைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்பவர் 1905இலேயே ஓர் இலக்கண நூல் எழுதியிருக்கிறார். மேலும், மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் ஆசிரியருக்குக் குரு என்றுதான் பெயர். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் ‘க்ரூ’. இத்தனை நாடுகளில் ஓசையும் பொருளும் சேர்ந்தே ஒத்துவருகின்றனவே, இதையும் தற்செயல் என்பீர்களா?

ஆழிமழை எழுதியது:

கூத்தன் ஐயா கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மலாய், தாய்லாந்து, கம்போடிய மொழிகளில் உள்ள சொல் தற்செயல் அன்று. அதே நேரத்தில் பிறப்புறவும் அன்று. வடமொழியும் பாலி மொழியும் சமயத்தோடும் அரசவையோடும் கல்வியோடும் தென்கிழக்காசியா சென்றபோது உடன் சென்ற கடன்சொல் அது. ஆங்கிலத்தில் துறை வல்லுநரைக் குரு என்று அழைப்பதும் கடனே. ஜப்பானிய மொழியிலும் ‘குரு’ என்னும் கடன்சொல் ஆன்மிக ஆசானைக் குறித்து வழங்குகிறது. அதே ஓசையில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாமல், சூழ்ச்சியில் கூட்டாளி என்னும் பொருளில் பேச்சுவழக்குச் சொல் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆக, இரண்டு சொற்கள் ஒத்திருந்தால் பிறப்புறவு, கடன், தற்செயல் என மூன்று வாய்ப்புகள் உண்டு. குழந்தைச் சொற்கள் இந்த மூன்றுக்கும் வெளியே தனியாக நிற்கின்றன. இதழ்களை மூடித் திறந்தாலே பிறக்கும் ஓசைகளைக் குழந்தை முதலில் எழுப்புகிறது, பெற்றோர் அதைத் தம்மை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். யார் எந்த ஓசையை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுகூட மாறலாம்: ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, ‘தேதா’ என்றால் தாய். எனவே அம்மா, அப்பா ஆகியவற்றைக் கொண்டு மொழியுறவை நிறுவ முயல்பவர்கள் மிகவும் வலுவற்ற சான்றையே முதலில் கையில் எடுக்கிறார்கள்.

பிறப்புறவை நிறுவுவது ஓசை ஒற்றுமையன்று, ஓசை மாற்றத்தில் காணப்படும் ஒழுங்கு. சொல்வயல் அவர்கள் குறிப்பிட்ட ‘பரூஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லையே பாருங்கள். வடமொழியின் மெல்லொலிக் ககரத்துக்கு நேராகக் கிரேக்கத்தில் பகரம் வருவது இந்த ஒரு சொல்லில் மட்டும் என்றால் நானும் நம்பமாட்டேன். பசுவைக் குறிக்கும் வடமொழிச் சொல் ‘கௌ:’, கிரேக்கத்தில் ‘பூஸ்’. செல்லுதலைக் குறிக்கும் வேர் ‘கம்’, கிரேக்கத்தில் ‘பைனோ’. ஒரே இடத்தில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அதனால்தான், காதுக்குச் சிறிதும் ஒத்திராத குருவும் பரூஸும் உறவினர் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

மறுபக்கத்தில், ‘உடைத்தாயிருத்தல்’ என்பதற்கு இலத்தீனில் ‘ஹபேரே’, ஜெர்மனில் ‘ஹாபென்’. ஓசையும் பொருளும் அச்சாக ஒன்று. இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவையும் கூட. இருந்தும் இவை உறவற்ற சொற்கள். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோபு கிரிம் 1822இல் விதியாக வகுத்துக் காட்டியபடி, இலத்தீனின் ககரத்துக்கு நேராக ஜெர்மனில் ஹகரம் வர வேண்டும்: கொம்பு ‘கோர்னு’, ‘ஹார்ன்’, நூறு ‘கென்டும்’, ‘ஹுண்டர்ட்’. அந்த விதிப்படி ஹாபெனுக்கு உண்மையான உறவு, பிடித்தல் என்னும் பொருளுடைய ‘கபேரே’. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’ என்று கேட்டபோது, அதை ஆய்ந்த டிக்சன் ஆங்கிலக் கடனோ என்றுதான் முதலில் நினைத்தார். அண்டை மொழியான யிடினில் அது ‘குடகா’ என்று இருப்பதும், ம்பபரத்தில் முதலசை கெட்டு எஞ்சியது மாறிவிடுவதும் தெரிந்தபின், அது அந்த மண்ணின் சொல்லே என்பது விளங்கியது.

தற்செயல் எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மொழியில் 15 மெய்யும் 5 உயிரும் இருப்பதாகக் கொண்டால், குரு போன்ற ஈரசைச் சொற்கள் 75ஐ 75ஆல் பெருக்க வரும் 5,625 மட்டுமே அமைய முடியும். அவற்றில் 1,000 இடங்கள் உண்மையான சொற்களால் நிரம்பியிருந்தால், நாம் விரும்பிய ஓர் ஓசை அம்மொழியில் ஏதேனும் ஒரு பொருளில் இருப்பதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குகின்றன. எல்லா மொழிகளும் இந்த அச்சில் அமைந்தவை அல்ல. எனினும் பொருள் எதுவானாலும் சரி, வல்லொலி மெல்லொலி எதுவானாலும் சரி, ரகரம் றகரம் எதுவானாலும் சரி என்று தேடுபவருக்கு நூற்றுக்கணக்கான குருக்கள் கிடைக்காமல் போனால்தான் வியப்பு.

கொரியத்தைப் பொறுத்தவரை, ஹல்பர்ட்டின் நூலை இன்றைய மொழியியலாளர்கள் உறவுக்கான சான்றாக ஏற்பதில்லை. அவர் காட்டிய ஒற்றுமைகள் சிதறிய சொற்களாக நிற்கின்றனவே தவிர, கௌ:வும் பூஸும் போல ஓர் ஒழுங்கில் வந்து அமரவில்லை. ஆதிகாலத்தில் எல்லா மொழிகளும் ஒன்றாக இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு தொலைவில் இருந்து ஒரு சொல் எல்லா இடங்களிலும் மாறாமல் குருவாகவே வந்து சேர்ந்தது என்பதுதான் நடக்க முடியாதது. சில ஆயிரம் ஆண்டுகளில் வடமொழியிலும் கிரேக்கத்திலும் அது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டதை மேலே பார்த்தோம்.

இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி. ஓசை ஒத்தவை உறவற்றும், ஓசை ஒவ்வாதவை உறவோடும் இருக்கின்றன என்பது எதிர்பாராத செய்தி. ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழுக்குள்ளேயே வேர்க்குருவும் தொல்காப்பியம் கூறும் நிறமும் ஒரு சொல்லா, இரண்டா? குருதி என்பதும் செந்நிறத்தால் வந்த பெயர்தானா?

சொல்வயல் எழுதியது:

வேர்க்குருவின் குரு தோலில் எழும் சிறு கட்டி. மலையாளத்தில் அதே சொல் கட்டியையும் குறிக்கிறது, விதையையும் குறிக்கிறது. பலாக்கொட்டைக்கு அங்கே ‘சக்கக்குரு’ என்று பெயர். சிறிதாகவும் உருண்டையாகவும் கெட்டியாகவும் இருப்பது என்னும் அளவில் இரண்டும் இயல்பாகவே ஒன்றுபடுகின்றன. பொருள் நகர்வதற்கு எவரும் கதை கட்ட வேண்டியதில்லை. இது திராவிடச் சொல். ஆசிரியரைக் குறிக்கும் வடசொல்லோடு இதற்குத் தொடர்பு இல்லை.

நிறத்தைக் குறிப்பதை வேறாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்று தொல்காப்பியம் அதை உரியியலில் வைக்கிறது. சங்கப் பாடல்களில் அளபெடுத்துக் ‘குரூஉ’ என்றும் வருகிறது. நிறம் என்பதிலிருந்து கட்டிக்கும் விதைக்கும் போக வழி தேடலாம். ஆனால் இடைப்பட்ட பொருளில் அச்சொல் வழங்கிய இடம் எதையும் காட்டாமல் தேடினால், நீங்கள் தொடக்கத்தில் ஐயுற்ற விளக்கம் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். குருதியின் நிலை சற்று மேலானது. செந்நிறம் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு; மலையாளத்திலும் குருதி இருக்கிறது. ஆகவே நிறத்தோடு இணைப்பது பொருந்தாதது அன்று. ஆனால் இரத்தத்தைக் குறிக்கும் தெலுங்கின் ‘நெத்துரு’, கன்னடத்தின் ‘நெத்தரு’ ஆகியவை நம் பழைய ‘நெய்த்தோர்’ என்னும் சொல்லோடு சேர்பவை. குருதியின் வேரைத் துணிவதற்கு அவை உதவமாட்டா.

இவை எழுத்தில் எவ்வளவு நெருங்கிவிடுகின்றன என்பதற்குக் ‘குருமணி’ என்னும் சொல்லைப் பாருங்கள். மேற்கண்ட தொல்காப்பிய நூற்பாவுக்கு உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு ‘குருமணித் தாலி’ என்பது; நிறம் விளங்கும் மணி கோத்த தாலி என்று பொருள். சிவபுராணத்தில் ‘கோகழி ஆண்ட குருமணிதன் தாள்வாழ்க’ என்று மாணிக்கவாசகர் பாடும்போது அது ஆசிரியருள் மணியாக விளங்குபவர். முதலாவதில் ககரம் வல்லொலி, இரண்டாவதில் ஓதுவார் வாயில் அது மெல்லொலி. ஏட்டில் இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம்.